மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள்?

காமினி அக்காவுக்கு மாதத்தில் இரண்டு சம்பள நாள். இருபத்தெட்டாம் தேதி வங்கியில் ஒன்று விழும். கடைசி வெள்ளிக்கிழமை, முதலாளி சிக்கந்தர் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆபீசுக்குத் திரும்பியதும், பழுப்புக் கவரில் இன்னொன்று வரும். சம்பளச் சீட்டில் இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி. கவரில் இருப்பது ஆயிரத்து இருநூறு. முதலாவதற்குக் காகிதம் உண்டு. இரண்டாவதற்கு அந்தக் கவர் மட்டும்தான். அதையும் அக்கா அன்றே கிழித்துப் போட்டுவிடுவார்.

அவருக்கு வயது முப்பத்தைந்து. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு சிறிய ஃபார்வர்டிங் ஆபீசில் பதினோரு வருடமாக வேலை. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத் துறையில் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களைத் தயாரிப்பது அவர் பொறுப்பு. உலகத்தில் விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் இருக்கிறது. எண் தவறினால் வரி தவறும். கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். அக்கா அந்த எண்களைப் புத்தகம் பார்க்காமல் சொல்வார். தினமும் கடலைக் கடக்கும் ஃபெரியில் எதிரே நிற்பவரின் குடையைப் பார்த்து, "அறுபத்தாறு பூஜ்யம் ஒண்ணு" என்பார். கைப்பை என்றால் நாற்பத்திரண்டு பூஜ்யம் இரண்டு. பருப்பு, வெங்காயம், மிளகாய் வற்றல் எல்லாம் கேட்கவே வேண்டாம். சிக்கந்தரின் சரக்கே அதுதான்.

ஒருமுறை "நான் என்ன நம்பர்கா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உயிருள்ள பிராணி. அத்தியாயம் ஒண்ணு. குவாரன்டைன் சர்டிஃபிகேட் இல்லாம உள்ள விடமாட்டாங்க."

நான் ஆறு வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு அந்தப் பிப்ரவரியில்தான் திரும்பியிருந்தேன். பெருநிலப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே அடுக்குமாடியில், ஒரே நடைபாதையில் இருக்கின்றன. எனக்குச் சூலியா ஸ்திரீட்டில் ஒரு தங்கும் விடுதியில் தற்காலிக வேலை கிடைத்தது. காலையில் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பட்டர்வொர்த் வரை போய், மோட்டாரோடு ஃபெரியில் ஏறி, தீவுக்கு வருவோம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவர் பேசுவார். மோட்டார் ஓட்டும்போது பேசமாட்டார். ஆபீசில் பேச நேரமிருக்காது. வீட்டில் அம்மா இருப்பார்.

ஏப்ரலில் பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய சரக்குக் கம்பெனி இதே வேலைக்கு ஆள் கேட்டது. விண்ணப்பிக்கச் சொன்னது நான். தேர்வில் பத்து இன்வாய்ஸ்களைக் கொடுத்து, எண்களைப் போடச் சொன்னார்களாம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா இருபத்தைந்து நிமிடத்தில் முடித்து, ஏழாவது இன்வாய்ஸில் எடை தப்பாக இருக்கிறது என்றும் எழுதிவிட்டு வந்தார். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. ஆளைப் பிடித்துவிட்டது. ஒரு படிவம் மட்டும் அடுத்த திங்கட்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் அவரை நிறுத்திவிட்டன. கடைசியாக வாங்கிய சம்பளம். எதிர்பார்க்கும் சம்பளம்.

"எதிர்பார்க்கிறதுன்னா என்னடி எழுதறது?" என்றார் ஃபெரியில், போனை என்னிடம் நீட்டி. "ரெண்டாயிரத்து ஐந்நூறு போடவா?"

"கையில மூவாயிரத்து நூறு வாங்குறீங்க. கொறைச்சுக் கேக்குறதுக்கா வேலை மாறுறீங்க?"

"ஸ்லிப்புல ஆயிரத்து தொள்ளாயிரம்தானே இருக்கு."

அந்தச் சீட்டின் கதை ஏழு வருடத்துக்கு முந்தையது. அக்காவின் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அவர் இறந்ததும் தோட்ட வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அக்காவும் அவர் அம்மா வடிவம்மாளும் மூன்று வருடத்தில் நான்கு வாடகை வீடுகள் மாறினார்கள். பிறகு மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பம் திறந்தது. வருமானம் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. அக்காவின் சம்பளம் அப்போது இரண்டாயிரத்து எழுநூறு. இருநூறு வெள்ளி கூடுதல். சீட்டில் கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டார்.

"கொறைக்கிறதுதான் கொறைக்கிறோம், நல்லாவே கொறைச்சிருவோமே," என்றாராம் சிக்கந்தர். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது சீட்டில்; மிச்சம் கவரில். சீட்டில் குறைந்தால் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, முதலாளி கட்ட வேண்டிய பங்கும் குறையும், அக்காவிடம் பிடிப்பதும் குறையும். இரண்டு பேருக்கும் அது அன்று லாபமாகத்தான் பட்டது. வீடு கிடைத்தது. சாவி வந்த பிறகு சீட்டைப் பழையபடி ஆக்கச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. ஆக்கினால் கைக்கு வருவது குறையும். வீட்டுக் கடன் தொடங்கிவிட்டது. வருடா வருடம் சீட்டில் ஐம்பது ஏறியது, கவரில் கொஞ்சம் ஏறியது. எங்கள் நடைபாதையில் இப்படிச் சீட்டு வைத்திருப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

"மொதல்ல இந்த வேலைக்கு வெளியில என்ன குடுக்கிறாங்கன்னு பாப்போம்கா," என்றேன். "அத வச்சுக் கேப்போம்."

இணையத்தில் தேடினோம். ஒரு சம்பள வழிகாட்டி இரண்டாயிரத்து எண்ணூறு முதல் ஐயாயிரத்து ஐந்நூறு வரை என்றது.

"வடக்க பெர்லிஸ்லேருந்து தெக்க ஜொகூர் வரைக்கும் எங்க வேணும்னாலும் எறங்கிக்கன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றார் அக்கா. இன்னொன்று கோலாலம்பூர்க் கணக்கு. மூன்றாவதில் பினாங்கு என்றே போட்டிருந்தது; ஆனால் நான்கே பேர் பதிவு செய்திருந்தார்கள், அதில் ஒருவர் மேனேஜர்.

"ஆளுங்ககிட்டயே கேட்டுருவோமே."

"நம்ம ஆளுங்ககிட்டயா? ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு பஸ் ஸ்டாப்புல நின்னு கேப்பாங்க. சம்பளம் எவ்வளவுன்னு நீ கேட்டுப் பாரு. 'ஏதோ ஓடுதுலா'ம்பாங்க."

கேட்டுப் பார்த்தேன். துறைமுகப் பக்கம் வேலை செய்யும் ஒருவர் எங்கள் விடுதிக்கு எதிரே தினமும் தேநீர் குடிப்பார். சம்பளம் என்ன என்று நேராகவே கேட்டேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், மாப்பிள்ளை பாக்குறீங்களா? வீட்டுல மூணு புள்ளைங்க இருக்கு" என்றார். பக்கத்து மேசை சிரித்தது. சம்பளம் மட்டும் வெளியே வரவில்லை.

வழி ஜெயலெட்சுமியிடமிருந்து வந்தது. அவர் வேறொரு ஃபார்வர்டிங் ஆபீசில் அக்காவைப் போலவே வேலை செய்பவர். ஆறு வருட அனுபவம். எங்கள் ஃபெரியில் வருபவர். அன்று காலை ஏறியதிலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தார்.

"நானூத்தி இருபத்தொம்போது வெள்ளி, காமினி. மாசா மாசம் ஈபிஎஃப்புக்குப் புடிச்சிர்றான். அம்பத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்கு காசு? இப்ப குடு, நான் அழகா செலவு பண்றேன்."

 அக்காவின் உதடு அசைந்தது. ஃபெரி கரை தட்டி மோட்டாரைக் கிளப்பும்போது, தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்.

"மூவாயிரத்து தொள்ளாயிரம்."

"எது?"

"ஜெயா சம்பளம். நூறுல பதினொண்ணு பிடிக்கிறாங்க. பிடிக்கிறத ஒம்போதால பெருக்கு. வர்றதுல நூறுல ஒரு பங்க சேத்துக்க. முடிஞ்சிச்சி."

அதன் பிறகு அக்கா யாரிடமும் சம்பளம் கேட்கவில்லை. கவுண்டர் வரிசையில், தேநீர்க் கடையில், மின்தூக்கிக்குக் காத்திருக்கையில், ஒரே கேள்விதான். "உங்களுக்கு மாசம் எவ்வளவு பிடிக்கிறாங்க?" சம்பளத்தைச் சொன்னால் பெருமை அடிப்பது போலாகும், அல்லது குறைவு தெரிந்துவிடும். பிடிப்பதைச் சொல்வது குறை சொல்வது. குறை சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை. சிலர் போனைத் திறந்தே காட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். ஐந்தாறு வருட ஆட்கள் மூவாயிரத்து அறுநூறிலிருந்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குள் இருந்தார்கள். பத்து வருடம் தாண்டியவர்கள் நாலாயிரத்து இருநூறைச் சுற்றி. ஒருவர் நாலாயிரத்து எழுநூறு. அவர் இரவு வேலையும் பார்ப்பவர்.

கேள்வி ஒரு தடவை திரும்பியும் வந்தது. "ஆமா, எல்லாரையும் கேக்குறியே, உனக்கு எவ்வளவு பிடிக்கிறாங்க?" என்றார் ஜெயலெட்சுமி.

"உன்ன மாதிரிதான்," என்று அக்கா கடலைப் பார்த்தார். அவருக்குப் பிடிப்பது இருநூற்று ஒன்பது.

எட்டாவது ஆளிடம் அவர் கேட்கவே இல்லை. ஷாருல் என்ற பையன் அவர்களுடைய ஆபீசிலேயே, அடுத்த மேசையில் இருக்கிறான். பையன் என்று அக்கா சொல்வார்; இருபத்தெட்டு வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன். இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது உளுந்துக்கும் துவரைக்கும் எண் வேறு என்பது அவனுக்குத் தெரியாது. அக்காதான் கற்றுக்கொடுத்தார். மதியம் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவன் தானாகச் சொன்னான்.

"முன்னூத்தி எண்பத்தஞ்சு போகுதுக்கா எனக்கு. பாம்பர்ஸுக்கு ஆச்சு, பாலுக்கு ஆச்சு."

அக்கா மீன் துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தாராம். "நீ சாப்புடு, எனக்குப் பசிக்கல."

மூவாயிரத்து ஐந்நூறு. அதுவும் முழுக்கச் சீட்டில்.

அன்று மாலை ஃபெரியில் அவர் எந்தப் பொருளுக்கும் எண் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். எதிர்பார்க்கும் சம்பளம்: நாலாயிரத்து இருநூறு. அதை அவர் யோசிக்காமல் அடித்தார். ஏழு பேரின் கணக்கு அவர் பின்னால் நின்றது. கடைசியாக வாங்கிய சம்பளம் என்ற கட்டத்தில்தான் நின்றார்.

"இதுல ஆயிரத்து தொள்ளாயிரம்னு போட்டுடவா?"

"உண்மையில வாங்குறது மூவாயிரத்து நூறுகா. அத போடுங்க."

"பேப்பர் கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. நான் எத்தனையோ எடத்துல வேலை செஞ்சிருக்கேன். எவனும் கேட்டதில்ல."

அது உண்மைதான். ஆனால் நான் வேலை செய்த இடங்களில் பாத்திரம் கழுவினேன், படுக்கை விரித்தேன், ஒரு படகில் கயிறு இழுத்தேன். இதை அன்று நான் யோசிக்கவில்லை. அக்கா மூவாயிரத்து நூறு என்று போட்டு அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஈபிஎஃப் கணக்கறிக்கையும் வேண்டும்.

புதன்கிழமை மதியம் அந்தக் கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ரமணி என்பவர் அழைத்தார். அக்கா சாப்பாட்டு நேரத்தில் என் விடுதிக்கு ஓடி வந்துவிட்டார். ஆபீசில் பேச முடியாது. பயணிகளின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்த பின்கட்டில், துவைக்கும் இயந்திரத்தின் மேல் போனை வைத்து ஒலிபெருக்கியில் போட்டோம்.

"காமினி, ஃபார்ம்ல மூவாயிரத்து நூறுன்னு போட்டிருக்கீங்க. ஸ்லிப்புல ஆயிரத்து தொள்ளாயிரம் இருக்கு. ஈபிஎஃப்பும் அதத்தான் சொல்லுது. எது சரி?"

"ரெண்டும் சரிதான் மேடம்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "கவரா?"

"ம்."

"என் தங்கச்சிக்கும் அப்படித்தான் குடுக்குறாங்க," என்றார் ரமணி. குரல் தணிந்திருந்தது. "எனக்குப் புரியுது. ஆனா மேல கையெழுத்துப் போடறவருகிட்ட என் தங்கச்சி கதைய சொல்ல முடியாதில்ல."

"மேடம், இந்த வேலைக்குப் பத்து வருஷ ஆளுக்கு இங்க நாலாயிரத்து இருநூறு குடுக்கிறாங்க. நான் ஏழு பேர விசாரிச்சிட்டேன். எட்டு பேரு."

"உங்க நம்பர் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எங்க ஆளுங்களுக்கும் அவ்வளவுதான் வருது."

"அப்புறம் என்ன மேடம்?"

"இங்க ரூல் ஒண்ணு இருக்கு. கடைசியா வாங்கினதுக்கு மேல முப்பது பெர்சென்ட்தான் ஏத்தலாம். ஸ்லிப்ப வச்சுப் பாத்தா ரெண்டாயிரத்து நானூத்தி எழுபது. உங்க முதலாளிகிட்டேருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அலவன்ஸ் ஆயிரத்து இருநூறு குடுக்கிறோம்னு, லெட்டர்ஹெட்ல, சைன் பண்ணி. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா நாலாயிரத்து முப்பது வரைக்கும் போராடிப் பாக்குறேன்."

போன் அணைந்தது. அக்கா துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரே வேலை, ஒரே ஆள், ஒரே தேர்வு. ஒரு காகிதம் இருந்தால் நாலாயிரத்து முப்பது. இல்லாவிட்டால் இரண்டாயிரத்து நானூற்று எழுபது. அது இன்று அவர் வாங்குவதைவிடவும் குறைவு.

"லெட்டர் கேளுங்கக்கா. அவருக்கு என்ன, ஒரு கையெழுத்து."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "நீ இங்க வளந்தவதானே," என்றார்.

அன்று மாலை அவர் வீட்டு இரும்புக் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் வடிவம்மாள். தினமும் துடைப்பார். யாரோ புதிய பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மவளுக்கு அப்ப சம்பளம் கம்மி. அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சுக்க. ஜாஸ்தியா இருந்தா இந்த வீடு கெடைச்சிருக்குமா?" அக்கா செருப்பைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை அவர் சிக்கந்தரிடம் கேட்டார். ஷாருல் கஸ்டம்ஸுக்குப் போயிருந்த நேரம். அடுத்த நாள் ஃபெரியில் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சிக்கந்தர் கெட்டவர் இல்லை. அக்காவின் அப்பா சாவுக்குக் கார் அனுப்பியவர்; வருடா வருடம் நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் கொடுப்பவர். வேலை கிடைத்திருக்கிறது என்றதும் எழுந்து நின்று, "நல்ல சேதிம்மா" என்றார். லெட்டர் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிக் குடுக்கிறேன்னு வச்சுக்க. ஏழு வருஷமா கவர்ல குடுத்தேன்னு நானே கையெழுத்துப் போடறேன். நாளைக்கு ஈபிஎஃப்காரன் வந்து, அத்தன வருஷத்துக்கும் கட்டுடான்னா?"

"அவங்களுக்கு யாரு முதலாளி சொல்லப் போறா?"

"காகிதத்துக்குக் கால் இருக்கும்மா. நீ தினம் பாக்குறதுதானே. எங்கேயோ போட்ட ஒரு நம்பரு எங்க வந்து நிக்குது." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னைய விடு. அந்த ஸ்லிப்பக் காட்டித்தானே வீடு வாங்கின? அப்பவே கூடுதலா குடுத்தோம்னு நான் எழுதினா, உன் வீட்டுக்கு நீ என்ன சொல்லுவ?"

அக்கா அதற்கு முதல் நாளே இதை நினைத்திருந்தார். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது வேறாக இருந்ததாம்.

"சரி. லெட்டர் வேணாம்," என்றார். "வர்ற மாசத்திலேருந்து கவர் வேணாம். எல்லாத்தையும் ஸ்லிப்புல போடுங்க. பழசுக்கு யாரும் கையெழுத்துப் போட வேணாம்."

"கையில உனக்குக் கொறையுமே."

"நூத்தி முப்பத்திரண்டு வெள்ளி கொறையும். கணக்குப் போட்டுட்டேன்."

"எனக்குக் கூடுமே."

"நூத்தி அம்பத்தாறு. அதையும் போட்டுட்டேன்." பிறகு அடுத்ததையும் சொன்னார். "மூவாயிரத்து நூறு இல்ல முதலாளி. மூவாயிரத்து ஐந்நூறு போடுங்க. ஷாருலுக்கு மாசம் முன்னூத்தி எண்பத்தஞ்சு பிடிக்கிறீங்க."

"அவன் சம்பளத்த சொன்னானா?"

"பிடிக்கிறத மட்டும்தான் சொன்னான்."

சிக்கந்தர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு கோபப்படாமல், விளக்கம் சொல்பவரைப் போலச் சொன்னார். "நீ வந்து கொறைச்சுப் போடுங்கன்னு கேட்ட. அவன் வந்து கூட்டிப் போடுங்கன்னு கேட்டான். ரெண்டு பேருக்கும் கேட்டதத்தான் குடுத்தேன்."

"அதுல பொய்யில்ல," என்றார் அக்கா என்னிடம், ஃபெரியின் கம்பியைப் பிடித்தபடி. "அதான் எனக்கு வாய் அடைச்சிருச்சி."

கடைசியில் அவர் ஒத்துக்கொண்டது மூவாயிரத்து நூறு, முழுவதும் சீட்டில், அடுத்த மாதத்திலிருந்து. மூவாயிரத்து ஐந்நூறுக்கு "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அந்த வாக்கியத்தை அக்கா பதினோரு முறை கேட்டிருக்கிறார். அத்துடன் ஒரு நிபந்தனை.

"மூணு ஸ்லிப்ப வாங்கிக்கிட்டு நாலாவது மாசம் நீ போயிட்டா, நான் என்ன ஆவேன்? எல்லா நம்பரும் உன் தலைக்குள்ளதான் இருக்கு. ஒரு வருஷம் இரு. அம்மா மேல ஆணைன்னெல்லாம் வேணாம். வாயால சொல்லு, போதும்."

"சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்."

"ஒரு வருஷமா? அக்கா, மூணு மாசத்துல போயிடலாம். வாய்வார்த்தைதானே. அதுக்கும் காகிதம் இல்லையே."

"அந்தக் கவரும் வாய்வார்த்தைதான். ஏழு வருஷம் ஒரு மாசம் தவறாம குடுத்தாரு." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ ஆறு வருஷம் சுத்தின. நான் ஒரு வருஷம் நிக்கமாட்டேனா?"

எனக்குப் பதில் வந்தது. சொல்லவில்லை. நிற்பது அவருக்கு ஒரு வருடம் இல்லை, பன்னிரண்டாவது வருடம். அந்தப் படிவத்தில் மூவாயிரத்து நூறு என்று போடச் சொன்ன என்னிடம் அவர் ஒருமுறைகூடக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கரை தட்டுவதற்குள் அவர் ரமணிக்குச் செய்தி அனுப்பினார். லெட்டர் கிடைக்காது, மன்னிக்கவும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பதில் மதியம் வந்ததாம். "அடுத்த வருஷம் இடம் காலியானா கூப்பிடுறேன். ஸ்லிப்பெல்லாம் சேத்து வைங்க." இடம் காலியாகுமா என்பது ரமணிக்கும் தெரியாது.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. சிக்கந்தர் தொழுதுவிட்டு வந்து, வழக்கப்படி சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோய், வெறும் கையை வெளியே எடுத்தாராம். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்களாம். சீட்டு அதற்கு முன்பே மின்னஞ்சலில் வந்திருந்தது. அக்கா அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையில் வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். ஷாருலின் சீட்டைவிட நானூறு வெள்ளி குறைவு. 

அன்று மாலை ஃபெரியில் கூட்டம். மோட்டார்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் மோட்டார் கடைசி வரிசையில், பின்னால் கம்பி, முன்னால் சக்கரங்கள். ஜெயலெட்சுமி மோட்டார்களுக்கு நடுவே புகுந்து வந்தார். கையில் வாழைப்பழப் பலகாரப் பொட்டலம்.

"சம்பளம் போட்டாச்சா உனக்கு? எனக்குப் போட்டாச்சு. திரும்பவும் நானூத்தி இருபத்தொம்போது," என்று தொடங்கினார். பிறகு, பேச்சு வாக்கில்தான், "உனக்கு எவ்வளவு புடிச்சான்?" என்றார்.

அக்கா கைப்பையின் மேல் கையை வைத்தார்.

"முன்னூத்தி நாப்பத்தொண்ணு."

ஜெயலெட்சுமி ஒரு பலகாரத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அவரும் இத்தனை வருடம் எண்களோடு இருப்பவர்தான். உதடு அசைந்தது. கணக்கு முடிவதை என்னால் பார்க்க முடிந்தது.

"என்ன மாதிரிதான்னு சொன்னியே?"

"அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"பதினோரு வருஷத்துக்கா?"

"ம்."

 ஜெயலெட்சுமி பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார். அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார். பட்டர்வொர்த் நெருங்கி, முன்னால் நின்றவர்கள் தலைக்கவசத்தை மாட்டி இன்ஜினைக் கிளப்ப ஆரம்பித்தார்கள். புகை எங்கள் மேல் வந்தது.

"இன்னும் பதினோரு ஸ்லிப்பு," என்றார் அக்கா, என்னிடமா ஜெயலெட்சுமியிடமா என்று தெரியாதபடி.

சாய்தளம் இறங்கியது. முதல் வரிசை போயிற்று. எங்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து வரிசை மோட்டார்கள் இருந்தன. அவர் சாவியைத் திருப்பாமல், கால்களை இரண்டு பக்கமும் ஊன்றிக் காத்திருந்தார்.